வெறும் கோலுக்குள்ள ஒருத்தி

சுவிஸில, பீல் நகரத்தில நாங்கள் இருந்த அடுக்குமாடிக்குக் கீழ, நிலவறையில, எல்லாருக்கும் பொதுவா உடுப்புத் தோய்க்கிற அறை ஒண்டு இருந்தது. இந்த நாட்டில இருக்கிறவைக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆருக்கு எந்த நாள் எண்டு கதவில ஒட்டியிருக்கும். மற்றவையின்ர நாளில மெஷினைத் தொட்டா, அதுக்குப் பிறகு படியில கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவினம். மேல் மாடியில இருந்த பிரேசில்காரிக்கு வியாழக்கிழமை. தோய்க்க உடுப்பு இருக்கோ இல்லையோ, வியாழன் பின்னேரம் அவ ஒரு மடக்குக் கதிரையோட கீழ இறங்கி வருவா. மெஷினுக்கு முன்னால கதிரையை விரிச்சு, காலை நீட்டி, கோப்பியைக் குடிச்சுக்கொண்டு, தன்ர நேரம் முடியுமட்டும் இருப்பா.

ஒருநாள் நான் வெறும் மெஷினையும் அவவையும் மாறி மாறிப் பாத்திட்டு, "உனக்கென்ன விசரோ? உடுப்பில்லாட்டி மேல போய்க் கொஞ்சம் படன்" எண்டு கேட்டன்.

"போன வருசம் ஊருக்குப் போயிட்டு வந்து பாக்கிறன், கீழ் வீட்டுக்காரி என்ர வியாழனைத் தன்ர பேரில மாத்தி வைச்சிருக்கிறா. கேட்டா, நீ இல்லைத்தானே, உனக்கு வேண்டாமாக்கும் எண்டு நினைச்சனாம். அதைத் திருப்பி எடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆள் இல்லாத இடத்திலதான் அவங்கள் வெல்லுறது."

இந்த "அவங்கள்" ஆர் எண்டு நான் அப்ப கேக்கேல்லை. கீழ் வீட்டுக்காரியைத்தான் சொல்லுறா எண்டு நினைச்சிட்டன்.

நாங்கள் ரெண்டு பேரும் கதைச்ச பாஷை ஒரு கூட்டுக்கறி. கொஞ்சம் பிரெஞ்சு, கொஞ்சம் ஜேர்மன், மிச்சம் கையாலயும் கண்ணாலயும். அவ சொன்னதுகளை நான் எங்கட தமிழில போடுறன், அவ்வளவுதான். ஆள் கட்டை, அகலம், நரைச்ச சுருள்முடி. படி ஏறேக்கை முழங்கால் ரெண்டும் சத்தம் போடும். எங்கட பிள்ளையளுக்கு அவ பிரேசில் அன்ரி. பேரைச் சொன்னா அவவுக்குப் பிடிக்காது, அதால இஞ்சையும் நான் சொல்லேல்லை.

வேலையும் ஒரே மணிக்கூட்டுத் தொழிற்சாலையிலதான். நான் முள்ளுப் பூட்டுறனான், அவ கண்ணாடி பூட்டுறவ. ஒருமுறை மேலாளர் எங்களைக் கூட்டி, இனிமேல் விடிய இன்னும் வெள்ளன வரவேணும், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தையும் குறைக்கப் போறம் எண்டு கதைக்க இருந்தார். எங்கட ஆக்கள் என்ன செய்தினம்? கூட்டத்துக்குப் போய் என்ன, அவை நினைச்சதைத்தான் செய்வினம் எண்டு பாதிப் பேர் வீட்டை போயிட்டினம். அவவுக்கு அண்டைக்கு நல்ல காய்ச்சல், லீவு. ஆனா கூட்டம் தொடங்கேக்கை கழுத்தில ஒரு கம்பளித் துண்டைச் சுத்திக்கொண்டு வந்து முன் வரிசையில குந்தியிட்டா. மேலாளர் எல்லாத்தையும் வாசிச்சு முடிச்சு, "மறுப்பு ஒண்டும் இல்லைத்தானே" எண்டு கடதாசியை மடிக்கப் போனார். அவ கையைத் தூக்கினா. "எனக்கு மறுப்பு" எண்டு சொல்லிப்போட்டு ஒரு இருமல் இருமினா பாருங்கோ, அந்தாள் ஒரு அடி பின்னால போனார். எல்லாரும் சிரிச்சினம். சிரிச்சவையும் கையைத் தூக்கிச்சினம், நானும் தூக்கினன். அந்த மாற்றம் பிறகு வரவேயில்லை.

இன்னொண்டும் சொல்ல வேணும். என்ர மகனைப் பள்ளிக்கூடத்தில கீழ் வகுப்புப் பிரிவில போடப்போறம் எண்டு கூப்பிட்டவை. என்ர மனிசனுக்கு வேலை முறை, வர ஏலாது. "ரீச்சர் சொன்னாச் சரியாத்தான் இருக்கும், போய்க் கையெழுத்தை வைச்சிட்டு வாரும்" எண்டிட்டார். நான் தனியப் போய்ப் பேனையும் கையுமா இருக்கிறன், கதவைத் தட்டிக்கொண்டு அவ வாறா. "நீங்கள் ஆர்?" எண்டு ரீச்சர் கேக்க, "மேல் வீடு. ஒரு கதிரை வெறுமையா இருந்தது" எண்டா. ஒரு வசனம் கதைக்கேல்லை. ரெண்டு கையையும் மடியில வைச்சுக்கொண்டு ரீச்சரைப் பாத்தபடி இருந்தா. அவ பக்கத்தில இருந்ததாலதான் எனக்கு வாய் வந்தது. இன்னும் ஒரு தவணை பாருங்கோ எண்டு நான் கேட்டன், பாத்தினம், என்ர பிள்ளை மேல் பிரிவுக்குப் போனான். அதுக்காக நான் செத்தாலும் அவவை மறக்கமாட்டன்.

எரிச்சலும் வராமல் இல்லை. கூப்பிடாத இடத்துக்கெல்லாம் வருவா. எங்கட ஆக்களின்ர செத்தவீட்டில, செத்தவரை ஆரெண்டே தெரியாது, முன்னால வந்து நிப்பா. ஏனம்மா எண்டு கேட்டா, "ஆக்கள் குறைவா இருந்துது" எண்டுவா. எனக்கு சில நேரம் இந்த மனுசியைப் பிடிச்சு வீட்டுக்குள்ள பூட்டி வைச்சா என்ன எண்டு வரும்.

இதெல்லாம் எங்க இருந்து வந்தது எண்டு ஒரு வியாழக்கிழமைதான் எனக்கு விளங்கினது. அண்டைக்கு அவவின்ர மெஷினில என்ர உடுப்பும் கிடந்தது, அது எங்கட ரகசிய ஏற்பாடு. காய்ஞ்ச காலுறையளை நான் சோடி பிரிச்சுக்கொண்டிருந்தன். அவ அதில ஒரு கறுப்பையும் மகனின்ர சின்னச் சிவப்பையும் தூக்கினா.

"கறுப்பு, எங்கட மாகாணத் தலைநகரத்துக் கழகம். சிவப்பு, எங்கட ஊர்க் கழகம். சீனி ஆலையில வேலை செய்தவையின்ர கழகம். என்ர அப்பா அதில கோல் காக்கிற கோலி."

பிரேசில் எண்டா எங்களுக்கு உலகக்கிண்ணம்தான் தெரியும். அங்கை ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனிச் சம்பியன் பட்டம் இருக்காம். ஊர்ச் சண்டையெல்லாம் அதிலதானாம். அவ மேசையில காலுறையளைப் பரப்பி எனக்கு ஆட்டமுறையைப் படிப்பிச்சா. முதல் சுற்றில எல்லாரும் எல்லாரோடையும் மோதுவினம், முதலாவதா வந்தவர் இஞ்சால. பிறகு புள்ளியெல்லாத்தையும் அழிச்சிட்டு ரெண்டாம் சுற்று, அதில முதலாவதா வந்தவர் அங்கால. இவை ரெண்டு பேருக்கும் பைனல். ஒரே கழகம் ரெண்டு சுற்றையும் வெண்டா பைனலே கிடையாது.

"விளங்கினதோ?"

"ஓம், விளங்கினது."

"விளங்கியிருக்காது. இது அந்த வருசத்து முறை. அடுத்த வருசம் மூண்டு சுற்று. அதுக்கடுத்த வருசம் குழுக் குழுவாப் பிரிச்சாங்கள். ஒருக்கா மாகாணப் புட்போல் சங்கமே ரெண்டா உடைஞ்சு, ஒரே வருசத்தில ரெண்டு போட்டி, ரெண்டு சம்பியன். ரெண்டு பேரும் இப்பவும் தாங்கள்தான் எண்டுறாங்கள்."

நான் காலுறையைப் போட்டிட்டுக் கைகொட்டிச் சிரிச்சன். "ஐயோ, இது எங்கட ஆக்களெல்லோ! நீங்கள் எப்ப தமிழரானீங்கள்?"

அவ சிரிக்கேல்லை. சிவப்புக் காலுறையைக் கையில சுத்திக்கொண்டு இருந்தா. அந்தப் பைனலில அவவின்ர ஊர் வெண்டது. கடைசி நேரத்தில தலைநகரத்துக்காரருக்கு ஒரு பெனால்ரி கிடைச்சு, அதை அப்பா பாய்ஞ்சு பிடிச்சவராம். ஊரே தெருவில. பிறகு பாத்தா, உங்கட ரீமில ஒரு ஆளின்ர பதிவு நேரத்துக்கு வந்து சேரேல்லை எண்டு தலைநகரத்துக்காரர் வழக்குப் போட்டினம். சங்கத்தின்ர நீதிமன்றம் பைனல் செல்லாது, திருப்பி விளையாடுங்கோ எண்டிட்டுது. மைதானத்தில தோத்திட்டு இப்பிடி அறைக்குள்ள வெல்லுறதுக்கு அவையின்ர பாஷையில ஒரு பேர் இருக்கு, "பெரிய கம்பளம்" எண்டு. வழக்குப் பேசுற அறையில கம்பளம் விரிச்சிருக்கிறதாலயாம். கம்பளத்தில வெண்டவன் எண்டு ஒருத்தனைச் சொன்னா அங்கை அடிதடி வரும்.

"திருப்பி விளையாடினவையோ?" எண்டு கேட்டன்.

"எங்கட கழகத் தலைவருக்கு ரோசம். நாங்கள் ஏற்கெனவே சம்பியன், ஒருத்தரும் போகக்கூடாது எண்டிட்டார். அப்பாவும் போகேல்லை. அண்டைக்கு அவர் சலூனில சவரம் செய்துகொண்டு இருந்தவர். ரேடியோவில, அவங்கள் வந்து நிக்கிறாங்கள், எதிர்ப்பக்கம் ஆளில்லை, நடுவர் விசில் ஊதுறார், பந்தைத் தட்டிக்கொண்டு போறாங்கள், கோல் எண்டு கத்தினதாம். அப்பா பாதி முகத்தில சவர்க்காரத்தோட எழும்பி வீட்டை வந்திட்டார்."

சங்கத்தின்ர பதிவில அந்த வருசத்துச் சம்பியன் தலைநகரத்துக் கழகம். ஊர்ச் சுவரில எழுதியிருக்கிறது சிவப்புச் சட்டைக்காரரின்ர பேர். அப்பாவுக்கு இப்ப எழும்பி நடக்க ஏலாத வயசு. கண்ணை மூட முந்தி, சங்கத்தின்ர வாயால, நீங்கள்தான் சம்பியன் எண்டு ஒரு சொல் அவர் கேக்கவேணும். இதுதான் அவவின்ர ஆசை. மற்றவை விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போவினம், இவ ஒவ்வொரு வருசமும் ஊருக்குப் போய் அந்தச் சங்கத்துக் கந்தோர் வாசலில கதிரை போட்டு இருந்திட்டு வாறவ.

"பட்டம் போனதை அப்பா ஒருவேளை மறந்திருப்பார்" எண்டா. "தன்ர கோலுக்குள்ள, தான் இல்லாத நேரம் ஒருத்தன் பந்தைத் தள்ளினதைத்தான் அவரால மறக்க ஏலாமக் கிடக்கு. வழக்கில தோத்ததைச் சொல்லமாட்டார். நான் போய் நிண்டிருக்கவேணும், நான் போய் நிண்டிருக்கவேணும் எண்டுதான் இப்பவும் புலம்புறார்."

காலுறையளை அள்ளிக் கூடையில போட்டன். மேல போய் மனிசனுக்கும் சொன்னன். என்ர மனிசன் எங்கட ஊர் விளையாட்டுக் கழகத்தின்ர சுவிஸ் கிளைக்குத் தலைவர். ஊரில ஒரு காலத்தில இடப்பக்கத்தால ஓடி அடிக்கிற லெப்ற் அவுட் விளையாடினவர், இப்ப வயிறுதான் முன்னுக்கு ஓடுது. அவர் உடனே போனைத் தட்டிப் பாத்திட்டு, "இதில மற்றக் கழகத்தின்ர பேர்தான் கிடக்கு. வராட்டித் தோல்விதானே? சட்டம் சட்டம்தான்" எண்டார். அடுத்த நாள் படியில அவவைக் கண்டு அதையே பகிடியா அவவுக்கும் சொன்னார். அவ நிண்டு, நிமிர்ந்து பாத்து, "சட்டம் சரி. கோல் பிழை" எண்டு சொல்லிப்போட்டு ஏறிப் போனா.

இனி எங்கட கூத்துக்கு வாறன்.

ஒவ்வொரு கோடையிலும் இஞ்சை எங்கட ஊர்க் கழகங்களுக்கிடையில புட்போல் நடக்கும். எங்கட ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் இடையில அங்கை நாட்டில ஒரே ஒரு சின்ன ஒழுங்கைதான். இஞ்சை வந்து ரெண்டு கழகம், ரெண்டு கொடி, பேச்சுப் பறைச்சல் இல்லை. நடுவரா ஆரைப் போட்டாலும், அவன் அந்த ஊரில பெண் எடுத்தவன், இவன் இந்த ஊரில சித்தப்பா உள்ளவன் எண்டு சண்டை. கடைசியில, எந்த ஊருமில்லாத ஆளாப் பாப்பம் எண்டு பிரேசில்காரியைக் கேட்டினம். அவ பொம்பிளைப் பிள்ளையளின்ர ஆட்டங்களுக்கு விசில் பிடிச்சுப் பழகினவ. ரெண்டு ஊரும் ஒத்துக்கொண்ட ஒரே விசயம் அதுதான்.

பைனல் எங்களுக்கும் பக்கத்து ஊருக்கும். முடியப்போற நேரம் அவையின்ர பெடியன் ஒருத்தன் தூரத்தில இருந்து ஒண்டு விட்டான், எங்கட கோலிக்கு அது தெரியவுமில்லை. அவ விசிலை ஊதினா, கோல். கிண்ணத்தை அவவின்ர கையாலதான் குடுத்தவ.

அந்தக் கிண்ணம் அவங்கட வீட்டுக்குப் போய்ச் சேர முந்தியே என்ர மனிசன் முறைப்பாடு குடுத்திட்டார். எங்கட போட்டி விதி என்னெண்டா, விளையாடுறவன் அந்த ஊரில பிறந்திருக்கவேணும், இல்லாட்டித் தாயோ தகப்பனோ பிறந்திருக்கவேணும், இல்லாட்டி அந்த ஊரில கலியாணம் முடிச்சிருக்கவேணும். கோல் அடிச்ச பெடியனுக்கு அந்த ஊரில ஆருமில்லை, பெண்சாதி மட்டும்தான். அதுவும் இஞ்சத்தைய கந்தோரில பதிவுதான் முடிஞ்சிருக்கு, தாலி கட்டு இலையுதிர் காலத்தில மண்டபம் எடுத்துச் செய்ய இருந்தினம்.

"தாலி கட்டாதவன் எப்பிடி அந்த ஊர் மருமகன்?" எண்டு என்ர மனிசன் சட்டம் பேசினார்.

"ஏனப்பா, வரி கட்ட அவை சோடி, பந்தடிக்க மட்டும் தனி ஆளோ?" எண்டு நான் கேட்டன்.

"நீர் மைதானத்தில பொரிக்கிற உம்மட ரோல்ஸைப் பாரும்."

கோயில் மண்டபத்தில போட்டிக் குழுவின்ர விசாரணை. அவவை ஒருத்தரும் கூப்பிடேல்லை. சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வந்து, என்னோட கடைசியில சம்மணம் கட்டி இருந்தா. கதைக்கிறதில ஒரு சொல்லும் அவவுக்கு விளங்காது, நான்தான் காதுக்குள்ள சொல்லிக்கொண்டிருந்தன். நடுவில அவ குனிஞ்சு நாங்கள் இருந்த விரிப்பைக் கையால தடவினா. நல்ல தடிச்ச சிவப்புக் கம்பளம். தடவிப்போட்டு என்னைத் திரும்பிப் பாத்தா. எனக்குச் சிரிப்பு வரேல்லை, வெக்கம்தான் வந்தது.

தீர்ப்பு: கோல் செல்லாது, அடுத்த ஞாயிறு பைனலைத் திருப்பி விளையாடவேணும், வராத ரீமுக்கெதிரா மற்ற ரீம் ஒரு கோல் போட்டால் கிண்ணம் அவைக்கு. பக்கத்து ஊர்க் கப்டன் எழும்பி, "எங்களுக்கு மானம் ரோசம் இருக்கு. வெண்ட ஆட்டத்தைத் திருப்பி விளையாட வரமாட்டம்" எண்டு கத்திப்போட்டுத் தன்ர ஆக்களோட வெளிய போனான். நான் அதை அவவுக்குச் சொன்னது பிழையாப் போச்சு. வெறுங்காலோட ஓடிப்போய் வாசலில அவனின்ர சட்டைக் கையைப் பிடிச்சிட்டா. "வா. ஏசு, அடிபடு, என்னவும் செய், ஆனா வா. கோபத்தில வீட்டை இருந்திடாத" எண்டு கெஞ்சினா. அவ கெஞ்சி நான் கண்டது அண்டைக்கு ஒருக்காத்தான். அவன் மரியாதையாக் கையை எடுத்துவிட்டிட்டு, "அன்ரி, இது உங்களுக்கு விளங்காது" எண்டு சொல்லிப்போட்டுப் போனான்.

ஞாயிறு வந்தது. சனம் நிறைய வந்திட்டுது, சண்டை பாக்கத்தான். எங்கட பெடியள் உடுப்பு மாத்தி நிக்கினம். அந்தப் பக்கம் புல்லு மட்டும். பக்கத்து ஊர்க்காரர் வரேல்லை எண்டாலும், கார் தரிப்பிடத்தில கார்களுக்குள்ள இருந்து கண்ணாடியை இறக்கிப் பாத்துக்கொண்டுதான் இருந்தினம். எங்கட ஆக்களின்ர ரோசம் அவ்வளவு தூரம்தான்.

என்ர மனிசன் அவவிட்ட போய், "ஒண்டும் கஷ்டமில்லை. நீங்கள் விசிலை ஊதுங்கோ, பெடியள் போய் ஒரு கோலைப் போடுவாங்கள், எல்லாரும் சாப்பிட்டிட்டு வீட்டை போவம்" எண்டார்.

அவ கழுத்தில இருந்த விசிலைக் கழட்டி அவரின்ர கையில வைச்சா. "நீ ஊது" எண்டா. பிறகு அந்த முழங்காலையும் வைச்சுக்கொண்டு மைதானத்துக்குக் குறுக்கால நடந்தா. நான் ரோல்ஸ் பொரிச்சுக்கொண்டு நிண்டு பாக்கிறன், ஏதோ தண்ணி எடுக்கப் போறா எண்டு நினைச்சன். போய் வெறும் கோலுக்கு நடுவில நிண்டு, இங்கால திரும்பி, ரெண்டு கையையும் விரிச்சா. சனம் முதல்ல சிரிச்சுது. பிறகு சிரிப்பு நிண்டிட்டுது.

"இதென்ன விசர் வேலை? வெளிய வரச் சொல்லும்!" எண்டு மனிசன் என்னைப் பாத்துக் கத்தினார்.

எனக்கு அப்ப வந்த கோபம் இப்பவும் வருது. அடுப்பை நூத்தன். கையில எண்ணெய், இடுப்பில துணி, அப்பிடியே நடந்து போய் அவவுக்குப் பக்கத்தில கம்பத்தோட நிண்டன். எனக்குப் பந்து பிடிக்கத் தெரியாது. தலைவரின்ர பெண்சாதி எதிர்க்கோலுக்குள்ள! சனம் "ஓ" எண்டுது. என்ர மனிசனின்ர முகத்தை நீங்கள் பாத்திருக்கவேணும்.

எனக்குப் பின்னால ஆரோ ஓடி வாற சத்தம். பாத்தா, அந்தப் பெடியனின்ர பெண்சாதி, பதிவு மட்டும் முடிஞ்ச பிள்ளை. காருக்குள்ள இருந்து இறங்கி வந்திருக்கிறா. மற்றக் கம்பத்தோட போய் நிண்டுகொண்டு, "நான் அந்த ஊர்தானே? என்ர தாயும் தகப்பனும் அந்த ஊர்தானே? அதில ஒருத்தருக்கும் சந்தேகமில்லையே? அப்ப எங்கட ரீம் வந்திட்டுது, அங்கிள்!" எண்டு கத்தினா. எனக்கு அவளைக் கட்டிப்பிடிச்சுக் கொஞ்சவேணும் போல இருந்தது.

மனிசன் விசிலை ஊதினார். எங்கட பெடியள் அசையேல்லை. கப்டன் பந்தைப் பாத்துக்கொண்டு, "என்னால ஏலாது அண்ணை" எண்டான். மற்றவனும் ஏலாது எண்டான். அவருக்கு ஏறியிட்டுது. "தள்ளுங்கோடா!" எண்டு தானே ஓடினார். பந்தைத் தட்டிக்கொண்டு வாறார், வயிறு குலுங்க வாறார், எனக்கு நேர எதிர வாறார். கலியாணம் கட்டி இவ்வளவு வருசத்தில அந்தாள் அப்பிடி ஓடி நான் காணேல்லை. பழைய லெப்ற் அவுட் எல்லோ, இடக்காலால இழுத்து ஒண்டு விட்டார். நிலத்தோட, கம்பத்தை ஒட்டி, நல்ல அடி. உண்மையைச் சொல்லத்தான் வேணும், நல்ல அடி.

அவ விழுந்தா. பாய்ஞ்சா எண்டு சொல்ல ஏலாது, மூட்டை விழுந்த மாதிரி விழுந்தா. ஆனா பந்து அவவுக்குக் கீழ. வயித்தோட அணைச்சுக்கொண்டு புல்லில கிடந்தா. முழங்கால் தோல் உரிஞ்சு ரத்தம். அழுறாவாக்கும் எண்டு குனிஞ்சு பாத்தன். அழேல்லை, பல்லைக் கடிச்சுக்கொண்டு தன்ர பாஷையில "அப்பா, அப்பா" எண்டுகொண்டிருந்தா. நான்தான் அழுதன். எல்லாச் சனமும் பாக்க, எண்ணெய்க் கையால மூக்கைத் துடைச்சு துடைச்சு அழுதன்.

கார் கதவுகள் ஒவ்வொண்டாத் திறந்துது. அவங்கள் இறங்கி வந்தாங்கள். சப்பாத்தெல்லாம் காருக்குள்ளயே வைச்சிருந்திருக்கிறாங்கள், கள்ளர். பைனல் திருப்பி நடந்தது. கோல் அடிச்சவன் விளையாடலாமோ எண்டு கேள்வி வர, அவன்ர பெண்சாதி தன்ர கழுத்துச் சங்கிலியைக் கழட்டி, "வேணுமெண்டா இவர் இப்பவே கட்டட்டோ?" எண்டு கேட்டா. அவனும் இறங்கினான். ஆர் வெண்டது எண்டு கேக்கிறியளோ? அதே பெடியன்தான் திரும்பவும் போட்டான். நாங்கள் தோத்தம், வடிவாத் தோத்தம். என்ர மனிசன் என்னோட கன நாள் கதைக்கேல்லை. வீட்டில நல்ல அமைதியா இருந்தது.

அடுத்த வருசம் அவவின்ர அப்பாவுக்கு வருத்தம் கடுமை எண்டு தெரிஞ்சு அவ ஊரோட போயிட்டா. வேலையை விட்டு, வீட்டை விட்டு, அந்த மடக்குக் கதிரையை மட்டும் எனக்குத் தந்திட்டுப் போனா. "வியாழனை விட்டிடாத" எண்டு சொன்னா. இப்ப வியாழன் எனக்கு, கதிரையும் அங்கதான் கிடக்கு.

அந்தப் பழைய பைனல் விசயமா மாகாணச் சங்கம் கடைசியில கூடினது. கூட்டத்துக்கு அவ போய் முன் வரிசையில இருந்தவ. பழைய தீர்ப்பை மாத்த ஏலாது எண்டு முடிச்சிட்டினம். பதிவில இண்டைக்கும் தலைநகரத்துக் கழகத்தின்ர பேர்தான். எனக்குப் போனில சொல்லேக்கை குரல் உடையேல்லை. "சரி, அவங்கள் சொல்லமாட்டாங்கள். வேற வழி பாப்பம்" எண்டா.

கொஞ்ச நாளால ஒரு வீடியோ அனுப்பினா. நானும் மனிசனும் சாப்பாட்டு மேசையில வைச்சுப் பாத்தம். தலைநகரத்து மைதானம், அண்டைக்கு அப்பா போகாமல் விட்ட அந்த மைதானமேதான். காவல்காரனிட்ட என்ன சொல்லி உள்ள போனாவோ தெரியாது. சனமில்லை. ஒரு கோலுக்கு நடுவில, சக்கரக் கதிரையில, கிழவனார் இருக்கிறார். சிவப்புச் சட்டை, கையில பழைய கையுறை. எலும்பும் தோலும்தான், ஆனா முகம் முழுக்க வடிவாச் சவரம் செய்திருக்கு. அவ நடு வட்டத்தில பந்தை வைச்சிட்டு விசிலை ஊதுறா. ஒருத்தரும் வரேல்லை. காத்து மட்டும் கேக்குது. கிழவனார் பந்தில இருந்து கண்ணை எடுக்காமல், கையை விரிச்சபடி இருக்கிறார். அவ ஒரு ஆட்டம் முடியிற நேரம்வரை விட்டிருக்கிறா போல, பிறகு திரும்ப ஊதி, முடிஞ்சுது எண்டு கையைக் காட்டுறா.

"அப்பா, இந்தமுறை அவங்கள்தான் வரேல்லை" எண்டு சொல்லிக்கொண்டு அவரிட்டப் போறா. கிழவனார் பெரிசாச் சிரிக்கிறார், வாயில ஒரு பல்லில்லை. அவ பந்தை அவரின்ர காலடியில வைச்சு, கதிரையைப் பிடிச்சு, தூரத்தில இருக்கிற மற்றக் கோலைக் காட்டுறா. வெறும் கோல். தள்ளிக்கொண்டு போகட்டோ, நீங்களும் ஒண்டு போடுங்கோவன் எண்டு கேட்டிருக்கிறா. அவர் சிரிப்பை நிப்பாட்டினார். கையுறைக் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். எங்களுக்கு விளங்காது எண்டு தெரிஞ்சு, கதைச்சது எல்லாத்தையும் அவ கீழ எழுதி அனுப்பியிருந்தா. கிழவனார் சொன்னதை நான் மனிசனுக்கு வாசிச்சுக் காட்டினன். அவர் கோப்பையைப் பாத்துக்கொண்டு, இன்னொருக்கா வாசியும் எண்டார். இன்னொருக்காவும் வாசிச்சன்.

"ஆளில்லாத கோலுக்குள்ள அடிக்கிற பழக்கம் எனக்கில்லை. என்னை இஞ்சையே விடு."